கண்ணில் படாத கட்டம்

“அந்த விக் செய்யுற அம்மா இருக்காங்களே, அவங்க இப்பல்லாம் நோயாளிங்களுக்குச் செஞ்சு தர்றதில்லையாம் சார். சினிமாக்காரங்களுக்கு மட்டும்தானாம்.”

சலூன்காரர் இதைச் சொன்னபோது கட்டக்காரரின் தாடை மார்பில் பதிந்திருந்தது. பிடரியில் கத்தி. மாதம் தவறாமல் ஒரு சனிக்கிழமை காலையில் வந்து, இதே நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே இருக்கும் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காமல் அதன் கீழே அடுக்கியிருக்கும் சீப்புகளையே பார்த்தபடி முடி வெட்டிக்கொண்டு போவது அவர் வழக்கம். பேச்சு முழுவதும் சலூன்காரருடையது. இவர் பங்குக்கு அவ்வப்போது ஒரு ‘ம்’ போடுவார். இந்த முறை ‘ம்’ வரவில்லை.

“யார் சொன்னா?” என்று குனிந்தபடியே கேட்டார்.

“நம்ம ஸ்டேஷன்ல டிக்கெட் குடுக்குற அம்மாதான். ட்ரீட்மென்ட்ல முடி கொத்துக் கொத்தாப் போயிடுச்சு. மத்தியானம் கடையில ஆள் இல்லாத நேரமாப் பாத்து வந்தாங்க. மிச்சத்தையும் எடுத்துடுங்கண்ணேன்னு உக்காந்தாங்க. அந்த விக் அம்மாவுக்கு எழுதிப் போட்டாங்களாம் சார், திரும்பத் திரும்ப. ஒரு பதிலும் இல்லை. பக்கத்து வீட்டுல யாரோ சொல்லியிருக்காங்க, அவங்க இப்பப் பெரிய இடம், உங்களையெல்லாம் திரும்பிப் பாப்பாங்களான்னு.”

“போய்ச் சேந்திருக்காது.”

“அதெப்படிச் சேராம இருக்கும்? ‘உங்கள் சொல் எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது. அதைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்’னு பச்சைக் கலர் டிக்கோட வந்துச்சாமே. அந்தம்மா எனக்கு அத மனப்பாடமாச் சொன்னாங்க. பத்திரமா வச்சிருக்காங்களாம்! எதுக்கு? ஃப்ரேம் போட்டு மாட்டவா?”

அந்த வாக்கியம் கட்டக்காரருக்கு நன்றாகத் தெரியும். அவர் எழுதியது. எழுதிவிட்டு இரண்டு மூன்று முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, ‘செய்தி’ என்று இருந்ததை அடித்து ‘சொல்’ என்று திருத்தியதுகூட நினைவிருந்தது. விக் செய்கிற அம்மா அவருடைய கூடப்பிறந்த அக்கா.

கத்தி விலகியதும் நிமிர்ந்தார். கண்ணாடிக்குள் சலூன்காரர் ஓர் ஆமோதிப்புக்காகக் காத்திருந்தார். ‘அது என் அக்கா’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வெளியே வந்தது வேறு.

“ச்சே. இப்படியும் மனுஷங்க இருக்காங்களா!”

“அதத்தான் சார் நானும் சொல்றேன்” என்று சலூன்காரர் திருப்தியோடு பிடரியில் பவுடரைத் தட்டினார்.

*

கட்டக்காரர் என்ற பெயரை அவருக்கு வைத்தது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியின் முதலாளி. முழு இணையதளமும் செய்து கொடுக்க ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். படம் போடுவார்கள், வண்ணம் பூசுவார்கள், முதலாளியைச் சிரிக்கச் சொல்லி முகப்பில் நிறுத்துவார்கள். கடைசிப் பக்கத்துக்கு வரும்போது எல்லாருக்கும் அலுத்துவிடும். ‘எங்களைத் தொடர்பு கொள்ள’ என்று தலைப்பு மட்டும் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அந்தப் பக்கம்தான் இவருடைய ராஜ்ஜியம். பெயருக்கு ஒரு கட்டம், விஷயத்துக்கு ஒரு கட்டம், கீழே ‘அனுப்பு’ என்று ஒரு பொத்தான். இதைச் செய்து கொடுத்தே பிழைக்கிறார் என்றால் பலர் நம்புவதில்லை. அவருடைய மாமனார் இன்றுவரை நம்பவில்லை.

பேசும்போது அவர் ஆள்காட்டி விரல் சும்மா இருக்காது. மேசையோ முழங்காலோ, எது கிடைத்தாலும் அதன்மேல் ஒரு நீள்சதுரம் வரைந்துகொண்டே இருக்கும். வங்கிக்குப் போனாலும் மருத்துவமனைக்குப் போனாலும் அங்கே கொடுக்கும் படிவத்தை முதலில் நிரப்ப மாட்டார், குறை கண்டுபிடிப்பார். “பாரு, விலாசம் எழுத இத்தனூண்டு இடம். எறும்புக்குத்தான் விலாசம் எழுதலாம்” என்பார். பின்னால் நிற்பவர்கள் முனகத் தொடங்கிய பிறகுதான் பேனாவைத் திறப்பார்.

அதிகமாகக் கேள்வி கேட்பவர்களை அவருக்குப் பிடிக்காது. கார்ப் பள்ளி முதலாளி அதிகமாகக் கேட்பவர்.

“அப்பா பேரு, பிறந்த தேதி, ரத்த வகை, எல்லாத்தையும் போட்டுடுங்க. எல்லாத்துக்கும் சிவப்பு நட்சத்திரம் வச்சிடுங்க. நிரப்பாம ஒருத்தனும் தப்பிக்கக் கூடாது.”

“ரத்த வகை எதுக்குங்க? முதல் பாடத்துலயே அடிபடப் போறாங்களா?”

“ஒரு பாதுகாப்புக்குத்தான்யா.”

“சிவப்பு நட்சத்திரம் போட்டா அது கேள்வி இல்லைங்க, மிரட்டல். வர்றவன் உங்க வாசல்ல நின்னு கூப்பிடறான். கதவத் திறக்கறதுக்கு முன்னாடி ஜாதகம் கேப்பீங்களா?”

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். “சரிய்யா கட்டக்காரரே, உம்ம இஷ்டம்” என்றார். அன்று ஒட்டிய பெயர்.

பெயர்க் கட்டத்தில் மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டாகப் பிரிக்கவே மாட்டார். இளைஞனாக இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய நாளில் ஒரு கவுன்ட்டரில் அப்படி இரண்டு கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். இவருக்கு இருந்ததோ ஒரு பெயரும் முன்னால் ஓர் எழுத்தும். அந்த எழுத்து என்ன என்று அதிகாரி கேட்டார். அப்பாவின் பெயர் என்றார். அதிகாரி அதையே கடைசிப் பெயராக எழுதி முத்திரை குத்திவிட்டார். அன்று முதல் மருத்துவமனையில் அப்பாவின் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். இவர் எழுந்து போவார். செத்துப்போன மனிதருக்கு ரத்த அழுத்தம் பார்த்து, உப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்புவார்கள்.

அவர் சாமர்த்தியம் முழுவதும் நன்றி வாக்கியத்தில் இருக்கும். ‘அனுப்பு’ என்று அழுத்தியதும் திரையில் வருமே, அது. மற்றவர்கள் ‘நன்றி’ என்று ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொள்வார்கள். இவர் ஆளுக்குத் தகுந்தபடி எழுதுவார். பூட்டுக்காரருக்கு, ‘தெருவில் நிற்கிறீர்கள் என்று தெரியும். கிளம்பிவிட்டோம்.’ மிருக வைத்தியருக்கு, ‘அதற்குப் பேச வராது. நீங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டோம்.’ அப்படி ஒன்றை எழுதி முடித்த நாளில் வீட்டில் யார் என்ன சொன்னாலும் கோபம் வராது.

போன் என்றால் மட்டும் ஆகாது. அடித்தால் எடுக்க மாட்டார். மேசைமேல் ஒரு வண்டு மல்லாந்து கிடந்து துடிப்பதுபோல, ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஓய்ந்ததும், ‘சொல்லுங்க, என்ன விஷயம்?’ என்று எழுதி அனுப்புவார். தவிர்க்க முடியாமல் தானே அடிக்க நேர்ந்தால், போனைக் காதில் வைக்காமல் முகத்துக்கு எதிரே தள்ளிப் பிடித்திருப்பார். மூன்றாவது மணிக்குக் கட்டை விரல் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிடும். “எடுக்கலை” என்பார், மருந்து கசக்காமல் போன குழந்தையின் முகத்தோடு. “எடுக்கவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டு அடிக்கிற ஒரே ஆளு நீங்கதான்” என்பாள் மனைவி. வந்த புதிதில் போனில் இவர் எதைப் பேசினாலும் அந்தப் பக்கம் ‘என்ன? என்ன?’ என்றே கேட்டார்கள். எழுதினால் யாரும் என்ன என்று கேட்பதில்லை. அங்கே பிடித்துக்கொண்டதுதான் இந்தத் தொழில்.

*

அக்கா விக் செய்வது ஜன்னலோரம். துணியால் செய்த ஒரு தலையை மேசையில் பொருத்தி, அதன்மேல் மெல்லிய வலையை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாக இழுத்து முடிச்சுப் போடுவாள். அந்தத் துணித் தலைக்கு அவள் வைத்திருக்கும் பெயர் மாமியார். “வாயே திறக்காத மாமியாரு. எவளுக்குக் கெடைக்கும்?” என்பாள். அவளிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் நோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு முடியை இழந்த பெண்கள். சினிமாக்காரர் ஒருவர் எப்போதோ ஒரே ஒருமுறை வந்தார், மீசைக்கு.

தம்பி அவளுக்குக் கட்டம் போட்டுக் கொடுத்தபோது அவள் சொன்னது இவ்வளவுதான்: “பேரு, ஈமெயிலு, சொல்ல நினைக்கிறது. அதோட நிறுத்திக்கோ. முடி எதனால போச்சுன்னு மட்டும் கேட்டுடாதடா.”

அவர் கேட்கவில்லை. மூன்றாவது கட்டத்தின் தலையில், ‘சொல்ல நினைப்பதை, சொல்ல முடிந்த அளவு’ என்று எழுதினார். இத்தனை வருடத் தொழிலில் இதைவிட நல்ல படிவத்தைத் தான் செய்ததில்லை என்று நினைத்தார். அந்தப் பெருமையிலேயே, பக்கத்தின் கீழே இருந்த அக்காவின் போன் நம்பரையும் எடுத்துவிடலாம் என்றார்.

“இந்த நிலைமையில இருக்கறவங்க போன்ல பேச மாட்டாங்கக்கா. கூச்சமா இருக்கும்.”

“அவங்களுக்கா, உனக்கா?” என்று கேட்டாள் அக்கா. கேட்டுவிட்டுச் சிரித்தபடி சம்மதித்தாள்.

கொஞ்ச நாளில் குப்பை வரத் தொடங்கியது. இணையத்தில் திரியும் இயந்திரங்கள் எங்கே கட்டத்தைக் கண்டாலும் புகுந்து, எல்லாவற்றையும் நிரப்பி, கண்ட விளம்பரத்தையும் கொட்டிவிட்டுப் போகும். ஒரு நாள் ஒரு பெண்ணின் தலையில் அளவுநாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அக்காவின் போனில் ஏதோ வந்து விழுந்தது. விசாரிப்பு என்று நினைத்துத் திறந்தால் ஆபாசம். அந்தப் பெண்ணும் பார்த்துவிட்டாள். அக்கா இதைத் தம்பியிடம் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றே அவர் பொறி வைத்தார். தொழில் தெரிந்த எல்லாரும் வைக்கும் பொறிதான். மனிதக் கண்ணுக்குத் தெரியாதபடி நாலாவதாக ஒரு கட்டம், விலாசம் என்ற பெயரில். மனிதர்கள் பார்க்க முடியாததால் காலியாக விடுவார்கள். இயந்திரம் அதையும் நிரப்பும். நிரம்பியிருந்தால், அனுப்பியது இயந்திரம் என்று தெரிந்துகொண்டு அந்தச் செய்தியை அங்கேயே அழித்துவிட வேண்டியது. பிடிபட்டது அதற்குத் தெரியக் கூடாது என்பதற்காக வழக்கமான பச்சை டிக்கும் நன்றி வாக்கியமும் அதற்கும் போகும். “திருடனுக்கும் தண்ணி குடுத்து அனுப்பற மாதிரி” என்று மனைவியிடம் விளக்கினார். குப்பை நின்றது. அக்கா நன்றாக இருக்கிறது என்றாள்.

*

சலூனிலிருந்து வந்த சனிக்கிழமை, சட்டைக் காலரில் ஒட்டிய முடியைக்கூடத் தட்டாமல் கணினி முன்னால் உட்கார்ந்தார். அக்காவின் படிவத்தை எழுத்து எழுத்தாக நிரப்பினார். அனுப்பினார். பச்சை டிக் வந்தது, வாக்கியம் வந்தது, அவரே திறந்து பார்க்கக்கூடிய அக்காவின் ஈமெயில் பெட்டிக்குச் செய்தியும் போய்ச் சேர்ந்தது.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. அந்த அம்மாதான் எதையோ தப்பா அடிச்சிருக்காங்க” என்றார். சொல்லும்போதே உடம்பு லேசானது.

“எந்த அம்மா?” என்று கேட்டுக்கொண்டே வந்த மனைவி, கதையைக் கேட்டதும் தன் போனை எடுத்தாள். “இருங்க, நான் அனுப்பிப் பாக்கறேன்.”

“ஒவ்வொரு எழுத்தாப் பாத்து அடி.”

“இந்தக் காலத்துல யாரு ஒவ்வொரு எழுத்தா அடிக்கிறா?”

பெயர்க் கட்டத்தைத் தொட்டாள். நானே நிரப்பட்டுமா என்றது போன். சரி என்று ஒரு தட்டு. பெயரும் ஈமெயிலும் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து உட்கார்ந்தன. மூன்றாவது கட்டத்தில், ‘அண்ணி, உங்க தம்பி முழியே சரியில்லை’ என்று பேசிப் பதிந்து அனுப்பினாள். பச்சை டிக். உங்கள் சொல் எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

“வந்துச்சா?”

வரவில்லை.

“என்னங்க, வந்துச்சா?”

அவருக்குப் புரிந்துவிட்டது. மனைவியின் போனுக்கு அவள் பெயர் தெரியும், ஈமெயில் தெரியும், வீட்டு விலாசமும் தெரியும். விலாசம் என்ற பெயரில் ஒரு கட்டம் இருந்தால் அதையும் சேர்த்து நிரப்பிவிடும். அது கண்ணுக்குத் தெரிகிறதா என்று அது பார்க்காது. பொறி மூடிக்கொள்ளும். இவருடைய கணினிக்கோ போனுக்கோ இவர் விலாசம் தெரியாது. “அதுக்கு எதுக்கு என் வீடு தெரியணும்?” என்று பயந்து எதையும் சொல்லி வைக்காதவர். செய்து கொடுத்த ஒவ்வொரு படிவத்தையும் அவர் இப்படித்தான் சோதித்திருந்தார், தன்னைப் போலவே உலகமும் இருக்கும் என்று நம்பி.

கையால் அடித்தவர்கள் எழுதியது அக்காவிடம் போனது. அதனால்தான் சந்தேகம் வரவில்லை. போனையே நிரப்பச் சொல்பவர்கள் யார்? அவசரக்காரர்கள். கண் மங்கியவர்கள். மருந்து ஏறி விரல் மரத்துப்போய், ஓர் எழுத்தைத் தட்ட நாலு முறை முயல்பவர்கள். பொறி அவர்களைப் பார்த்துப் பொறுக்கிப் பிடித்திருந்தது.

“குப்பைத் தொட்டியில இருக்குமில்ல? எடுத்துப் பாருங்களேன்” என்றாள் மனைவி.

“தொட்டியே வைக்கல. வாசல்லயே கிழிச்சுப் போடற மாதிரி செஞ்சேன்.” திரையைப் பார்த்தபடியே சேர்த்துக்கொண்டார். “சுத்தமா இருக்கட்டும்னு.”

நாலாவது கட்டத்தை எடுத்துவிட ஒரு மிடறு தண்ணீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. மனைவி மறுபடி அனுப்பினாள். இம்முறை போய்ச் சேர்ந்தது.

“அண்ணிகிட்டச் சொல்லிடுங்க.”

“சொல்றேன்.”

சொல்லவில்லை.

அடுத்து வந்த நாட்களில் பூட்டுக்காரர், மிருக வைத்தியர், கார்ப் பள்ளி என்று தான் பொறி வைத்த இடங்களிலெல்லாம் ஒவ்வொன்றாகப் போய் எடுத்தார். கேட்டவர்களுக்கு, ‘சின்னப் பராமரிப்பு’ என்று எழுதி அனுப்பினார். தன் நன்றி வாக்கியங்கள் திரையில் வந்தபோதெல்லாம் வேறு பக்கம் பார்த்தார். ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்ட்டருக்குப் போகாமல் இயந்திரத்தில் எடுத்துக்கொண்டு போனவர், ஒரு நாள் கால் தானாக இழுத்துக்கொண்டு போக, கவுன்ட்டர் கண்ணாடியைப் பார்த்துவிட்டார். நாற்காலியில் அந்த அம்மா போட்டு வைத்திருந்த பூப்போட்ட மெத்தை அப்படியே இருந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்தவர் புது ஆள்.

“எங்கே?” என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து புது ஆள் கேட்டார். எங்கே போக வேண்டும் என்கிறார். வாய்க்கு வந்த ஊருக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு நகர்ந்தார்.

*

அக்காவின் போன் வந்தது. அடித்து ஓய்ந்தது. ‘சொல்லுக்கா, என்ன விஷயம்?’ என்று எழுதினார். ‘நேர்ல வா’ என்று பதில் வந்தது. தெரிந்துவிட்டது என்று நினைத்தார். போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடித்து அடித்துத் திருத்தினார்.

“வாடா. அந்த மாமியாரத் தள்ளி வச்சிட்டு உக்காரு” என்றாள் அக்கா. கையில் ஊசி ஓடிக்கொண்டிருந்தது. “என்னன்னு தெரியலடா, திடீர்னு ஆளாளுக்கு எழுத ஆரம்பிச்சிட்டாங்க. தினமும் வந்துகிட்டே இருக்கு. நீதான் ஒழுங்கா வரிசைப்படுத்திக் குடுக்கணும்.”

“நல்லதுதானேக்கா.”

“என்ன நல்லது?” ஊசி நின்றது. “நடுவுல அவ்வளவா யாரும் எழுதலையே, அப்ப நான் என்ன நெனச்சேன் தெரியுமா? நோவு குறைஞ்சிடுச்சு போல, ஜனங்க நல்லாயிருக்காங்க போலன்னு சந்தோஷப்பட்டேன். நெசமாத்தான்டா. வெளிய சொன்னாச் சிரிப்பாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. இப்பப் பாரு, மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சு. பாவம்.”

அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய இடத்தில் அலமாரி. அதில் முடியில்லாத ஒரு வெறும் வலை கிடந்தது. பக்கத்தில் பிரித்த முடிகள், நீளவாரியாகக் கட்டுக் கட்டாக, நூல் சுற்றி.

“அது என்னக்கா?”

“அதுவா.” அக்கா கொஞ்சம் வெட்கப்பட்டாள். “ஒரு பக்கம் சந்தோஷப்பட்டாலும் இன்னொரு பக்கம் மனசு அடிச்சுக்குமில்ல? நம்ம கை மட்டமாயிடுச்சோ, யாராச்சும் போட்டுப் பாத்துட்டு நல்லாயில்லன்னு நாலு பேருகிட்டச் சொல்லிட்டாங்களோன்னு. முடிச்சு வச்சிருந்த ஒண்ண எடுத்து, எங்க தப்புன்னு பாக்கப் பிரிச்சேன். ஒவ்வொரு முடியா. ஒரு தப்பும் கெடைக்கல.”

வழியில் திருத்தி வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட அவருக்கு உதவிக்கு வரவில்லை.

“தப்பு அதுல இல்லக்கா” என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். நாலாவது கட்டம், அது ஏன் கண்ணுக்குத் தெரியாது, அது யாரைப் பிடித்தது, பிடித்ததை என்ன செய்தது.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊசியை மாமியாரின் நெற்றியில் குத்தி நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“எத்தனை பேருடா?”

“தெரியல.”

“யாரு யாருன்னு?”

“தெரியாதுக்கா. எதையும் வச்சுக்கல.”

“கைக்கு வந்து சேந்துச்சு, பத்திரமா வச்சிருக்கோம்னு என் பேருல சொல்லியிருக்க.”

“ஆமா.”

“அத நம்பிக் காத்துக்கிட்டு இருந்திருப்பாங்க.”

“ஆமாக்கா.”

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போகும்வரை அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒருத்தராச்சும் தெரியுமா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அக்காவுக்குத் தெரிய வழியே கிடையாது.

“ஒருத்தரத் தெரியும்” என்றார். டிக்கெட் கவுன்ட்டர் அம்மாவைப் பற்றிச் சொன்னார். சலூனில் கேட்ட சினிமாக்காரர் கதையையும் சொன்னார்.

“நான் பெரிய இடமாமா!” அக்கா மீசைக்காரரை நினைத்துக்கொண்டோ என்னவோ ஒரு கணம் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “அந்தச் சலூன்காரரு அப்படிச் சொன்னப்ப நீ என்ன சொன்ன?”

விரல் முழங்காலில் நீள்சதுரம் வரையத் தொடங்கியது. அதை மறு கையால் பிடித்துக்கொண்டார்.

“நானும் சேந்து ச்சேன்னேன்.”

அக்கா அவரையே பார்த்தாள். அடி வாங்கிய குழந்தையைப் பார்க்கிற பார்வையா, அடித்த குழந்தையைப் பார்க்கிற பார்வையா என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை. எழுந்து போய் அளவுநாடாவைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டாள்.

“போய் அந்தம்மாகிட்டப் பேசு.”

“நம்பர் வாங்கி முதல்ல ஒரு மெசேஜ் போட்டுட்டு…”

“எழுத வேண்டியதெல்லாம் அவங்க எழுதிட்டாங்கடா. நீ பேசு.” பையின் வாயை இழுத்து மூடினாள். “எந்த நேரம்னாலும் அக்கா உங்க வீட்டுக்கே வந்து அளவெடுப்பாங்கன்னு சொல்லு. அது என்னோடது. மிச்சம் உன்னோடது.”

*

“வாங்க சார். அதுக்குள்ளயா வளந்துடுச்சு?” என்றார் சலூன்காரர். நாற்காலியில் ஒருவர் முகம் முழுக்க நுரையோடு சாய்ந்திருந்தார். பெஞ்சில் இன்னொருவர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார்.

“வெட்ட வரல. அன்னிக்குச் சொன்னீங்களே, விக் செய்யுற அம்மா. அவங்க என் அக்கா.”

கத்தி நுரைக்கு ஒரு விரல் மேலே நின்றது.

“அக்காவா?”

“அந்தப் பச்சை டிக்கப் போட்டது நான். அந்த வாக்கியத்த எழுதினதும் நான்தான். டிக்கெட் குடுக்குற அம்மா எழுதினது ஒண்ணுகூட அக்காகிட்டப் போகல. நான் வச்ச பொறியில விழுந்துடுச்சு.”

“எலிப் பொறியா?” என்றது நுரை. யாரும் சிரிக்கவில்லை. செய்தித்தாள் மெல்ல இறங்கி ஒரு மூக்குக் கண்ணாடி எட்டிப் பார்த்தது.

“அன்னிக்கு நீங்களும் ச்சேன்னு சொன்னீங்களே சார்!”

“ஆமா.”

“நான் இத இங்க உக்காந்த தலைக்கெல்லாம் சொல்லியிருக்கேனே.” சலூன்காரரின் குரலில் கோபம் இல்லை, தன் கையால் யாருக்கோ காயம் பட்டுவிட்ட பதற்றம்தான் இருந்தது. “நல்ல மனுஷிய…”

“இனிமே உக்கார்றவங்ககிட்ட இதையும் சொல்லுங்க. யார் செஞ்சதுன்னும் சேத்துச் சொல்லுங்க.” நாற்காலிக்கு அருகே வந்தார். “இப்ப அந்தம்மா நம்பர் குடுத்தீங்கன்னா நான் ஒரு மெ…” என்று தொடங்கி நிறுத்தினார். “நான் பேசணும்.”

சலூன்காரர் கத்தியை வைத்தார். கையைத் துண்டில் துடைத்தார். இழுப்பறையிலிருந்து தன் போனை எடுத்து, தேடி, அழுத்தி, காதில் வைத்துப் பார்த்துவிட்டு நீட்டினார்.

“புது நம்பர்னா எடுக்க மாட்டாங்க. நான் அடிச்சாலே இப்பல்லாம் சில நேரம் எடுக்கறதில்ல. வேலைய விட்டதுலருந்து யார்கிட்டயும் பேசறதில்லையாம். இந்தாங்க, போகுது.”

வாங்கிக்கொண்டார். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. பூட்டுக்காரருக்கு எழுதினார், வைத்தியருக்கு எழுதினார். இதற்கு எழுதி வைத்த வாக்கியம் ஒன்றும் இல்லை. சலூன்காரர் போய் மின்விசிறியை நிறுத்தினார். கடைக்குள் நுரைக் குமிழிகள் உடையும் சத்தம்கூடக் கேட்கும் போலிருந்தது.

முதல் மணி. பழக்கப்படி போனை முகத்துக்கு எதிரே தள்ளிப் பிடித்திருந்தார். இரண்டாவது மணி. “எடுக்க மாட்டாங்க போல” என்று செய்தித்தாள்காரர் தாழ்ந்த குரலில் சொன்னார். மூன்றாவது மணிக்குக் கட்டை விரல் தானாக வந்து சிவப்புப் பொத்தானுக்கு மேல் நின்றது.

அந்த விரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு, போனைக் காதுக்குக் கொண்டுபோனார். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.